பயிற்சி முடிந்த மறுநாள்

ஓசூர் வட்டாரத்தில் இப்போது சக்கைப்போடு போடும் சரக்கு ஆளுமை வளர்ச்சி. இரண்டு நாள் வகுப்பு. ஏசி அறை. கோட்டு போட்ட ஒருவர் வருவார். கைதட்டச் சொல்வார். கண்ணை மூடச் சொல்வார். ‘இன்றிலிருந்து நீங்கள் புது மனிதர்’ என்பார். பிறகு குரூப் போட்டோ, சான்றிதழ், பிரியாணி. புது மனிதர் அன்றிரவே நைட் ஷிப்டுக்குப் போவார்.

சில மாதம் கழித்து கம்பெனி மேலிடத்துக்கு ஒரு சந்தேகம் முளைக்கும். சொல்லிக்கொடுத்த பழக்கம் ஏன் நிலைக்கவில்லை? பதிலும் தயார்: தொழிலாளிக்கு மனவுறுதி போதாது. பரிகாரம்? இன்னொரு வகுப்பு. அதற்கும் பில் உண்டு.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். 1960-ல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பிய கணக்கு அது. ஆபரேஷன் செய்துகொண்டவருக்குத் தன் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார் அவர். மூக்குக்குச் சொன்னதை வாழ்க்கைக்கு ஒட்டிவிட்டார்கள். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. 2010-ல் வெளியான ஆய்வில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் பிலிப்பா லாலி குழு நிஜமாகவே அளந்து பார்த்தது. சராசரி 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை.

சரி, 254 என்றே வைத்துக்கொள்வோம். அத்தனை நாள் ஒருவரை ஒரே லைனில் விட்டுவைக்கிறீர்களா? 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த எண் நெருங்க நெருங்க ஆளுக்கு ‘பிரேக்’ கொடுத்து எண்ணிக்கையை அறுக்கும் வித்தை இங்கே டீக்கடை பெஞ்சுக்கும் தெரியும். தொழிலாளர் துறைக்கு மட்டும் தெரியாது. அப்ரண்டிஸ் என்றால் இன்னும் சௌகரியம். 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் தொழிலாளியே அல்ல, பயிற்சி பெறுபவர். பயிற்சியும் முடிந்தது, ஆளும் முடிந்தார். பழக்கம் எங்கே நிலைக்கும்? ஊர் திரும்பும் தருமபுரி பஸ்ஸிலா?

பயிற்சியே வீண் என்று யார் சொன்னது? 1998-ல் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் விருதை வாங்கியது. 2002-ல் இதே ஓசூரின் டிவிஎஸ் மோட்டார் வாங்கியது. இரண்டு நாள் கைதட்டலுக்குக் கிடைத்த விருதல்ல. ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை. லைனில் நிற்பவரின் யோசனைக்கும் அங்கே இடமிருந்தது. பார்த்துக் காப்பியடித்தவர்களோ சுவரொட்டியை மட்டும் காப்பியடித்தார்கள். வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் ஜப்பானிய முறையான ‘ஃபைவ் எஸ்’ போர்டில் பளபளக்கிறது. ஐந்தாவது எஸ், யாரும் பார்க்காதபோதும் ஒழுங்கைக் காப்பது. ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி தரையில் மஞ்சள் கோட்டைப் புதிதாக அடிக்கிறார்கள். ஆடிட்டர் காரில் ஏறியதும் கோட்டின் மேலேயே பெட்டியை அடுக்குகிறார்கள்.

பெரிய மனிதர்களின் பழக்கம் எப்படி என்று பார்க்க ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணைக்கு வர வேண்டும். நந்தி மலையில் புறப்படும் தென்பெண்ணை, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வரும் பெங்களூரின் சாக்கடையைச் சுமந்துகொண்டு இங்கே வந்து சேர்கிறது. பெல்லந்தூர் ஏரி 2015-ல் தீப்பிடித்தது. 2017-லும் தீப்பிடித்தது. ஆமாம், ஏரிதான். பசுமைத் தீர்ப்பாயம் அதட்டியது. அதிகாரிகள் ஓடினார்கள். கெடு சொன்னார்கள், திட்டம் சொன்னார்கள், படம் பிடித்துக்கொண்டார்கள். மழை வந்தது. மதகைத் திறந்தார்கள். பொங்கியது நுரை. தரைப்பாலம் மறைந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு வயலில் இறங்கினார் விவசாயி. அந்தத் தண்ணீரில்தான் அவருக்கு நெல்லும் காய்கறியும். அடுத்த ஆண்டும் மழை வந்தது. அடுத்த ஆண்டும் நுரை வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பாட்டிலில் மாதிரி எடுத்துப் போனார்கள். அந்த ஒரு பழக்கம் மட்டும் கைவிடப்படவே இல்லை.

கோட்டு போட்டவரே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வகுப்பில் கான்ட்ராக்ட் பையன்களைத் தூங்க விடுங்கள். இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். முன்வரிசையில் முதலாளியை, ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டரை, இரண்டு மாநிலத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களை உட்கார வையுங்கள். கண்ணை மூடச் சொல்லாதீர்கள். அது அவர்களுக்கு ஏற்கெனவே நன்றாக வரும்.