இல்லாத தண்ணீரைக் காட்டும் கலை: தமிழகக் குடும்பக் கோடைச் சுற்றுலா குறித்து ஓர் ஆய்வு

நாற்பதைத் தாண்டிய தமிழ்நாட்டுக்காரர் எவரையும் நிறுத்தி, சின்ன வயதில் முழுப்பரீட்சை லீவுக்கு எங்கே அழைத்துப் போனார்கள் என்று கேட்டால், பட்டியலில் குற்றாலம் வராமல் போவது அபூர்வம். பெயர் வந்ததுமே கூடவே வருணனையும் வந்துவிடும்: அருவி அப்படிக் கொட்டியது, பக்கத்தில் நின்றவர் பேசியது காதில் விழவில்லை, தலையை உள்ளே கொடுத்தால் மூச்சு முட்டியது. சான்றளிப்பவரின் நேர்மையை ஐயுற இடமில்லை. இடிப்பது நாட்காட்டிதான். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்குவது வழக்கமாக ஜூன் முதல் நாளையொட்டி. அந்தச் சாரல் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, சிற்றாற்றில் நீர் பெருகி, பேரருவியும் ஐந்தருவியும் உயிர்பெறுவது அதற்குப் பிறகு. அரசாங்கமே சாரல் திருவிழாவை ஜூலை, ஆகஸ்டு வாக்கில்தான் வைத்துக்கொள்கிறது. பள்ளிக்கூடம் திறப்பதோ ஜூன் தொடக்கத்தில். ஆக, சீசன் தொடங்கும் வாரமும் பிள்ளைகள் புதுப் பாடப்புத்தகத்துக்குப் பழுப்புத்தாள் அட்டை போடும் வாரமும் ஒன்றே. ஏப்ரலிலும் மே மாதத்திலும் குற்றாலம் போன லட்சக்கணக்கான சிறுவர் சிறுமியர் பார்த்தது, பெரும்பாலும் ஈரம் காய்ந்த ஒரு பாறையும் அதன் மேல் உட்கார்ந்திருந்த குரங்குகளும். அப்படியானால் அந்தக் கொட்டும் அருவி எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் வினா. பெரியவர்களின் வாயிலிருந்து வந்தது என்பது இக்கட்டுரையின் விடை. தமிழகக் குடும்பக் கோடைச் சுற்றுலா இடங்களைக் காட்டுவதற்காக ஏற்பட்டதன்று; அங்கே இல்லாதவற்றைக் காட்டுவதற்காக ஏற்பட்டது. குழந்தைப் பருவ நினைவு என்று நாம் போற்றி வைத்திருப்பது அந்த விளக்கவுரையைத்தான்.

ஒரே ஊரை வைத்துக் கோட்பாடு கட்டுவது ஆய்வு நெறியாகாது என்பதால் பிற தலங்களையும் பார்ப்போம். வேடந்தாங்கல் ஏரி வடகிழக்குப் பருவமழையில் நிரம்புகிறது. பறவைகள் நவம்பர் வாக்கில் வரத் தொடங்கி, கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, வெயில் ஏறும்போது கிளம்பிவிடுகின்றன. மே மாதத்தில் போகும் குடும்பத்துக்கு அங்கே பறவைகளின் படம் போட்ட பலகை காத்திருக்கும். மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குத் தெப்பத் திருவிழா தைப்பூசத்தில்; கோடையில் அது நெடுங்காலம் நகரின் முதன்மையான கிரிக்கெட் மைதானங்களுள் ஒன்றாகவே இருந்தது. மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கப்படும் மரபு நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய வாரங்களில் கல்லணையிலும் முக்கொம்பிலும் நிற்கும் பிள்ளை காண்பது பாலம், மதகு, மணல். வைகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு, 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையிலிருந்து தனியாகத் தண்ணீர் விட ஏற்பாடு செய்கிறார்கள். கோடையில் வைகைக்கு வரும் விருந்தாளிகளில் தண்ணீரை முன்கூட்டியே அனுப்பிவைக்கும் மரியாதை கள்ளழகருக்கு மட்டுமே கிடைக்கிறது.

தண்ணீரோடு இது நின்றுவிடவில்லை. பூம்புகாருக்குப் போன எந்தக் குடும்பமும் பூம்புகாரைப் பார்த்ததில்லை. கடலைக் கைகாட்டி, அதோ அங்கேதான் பட்டினம் இருந்தது என்பார்கள். இந்தக் குறையை அரசும் உணர்ந்ததனாலோ என்னவோ, 1970களில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் ஒன்றைக் கரையிலேயே கட்டிக் கொடுத்தது. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு அடித்த புயல் ஊரையும் ரயிலையும் கொண்டுபோனது. அங்கே நிற்கும் சிறுவனுக்கு இடிந்த சுவர்களுக்கு நடுவே இது ரயில்வே ஸ்டேஷன், இது தேவாலயம், இங்கே கப்பல் வரும் என்று ஓர் ஊரே சொல்லால் எழுப்பப்படுகிறது. போய்ச் சேர்ந்த வண்டியும் சான்றுதான். 1997 வரை அரசுப் பேருந்துக் கழகங்கள் சேரன், சோழன், பாண்டியன், பல்லவன் என்றெல்லாம் பெயர் தாங்கி ஓடின. அரசர்கள் இல்லாத காலத்தில் அவர்கள் பெயரால் சீட்டு வாங்கி, தண்ணீர் இல்லாத ஆற்றைக் கடந்து, ஊர் இல்லாத கடற்கரையில் இறங்கிய தலைமுறை அது.

இந்த மரபு நேற்று முளைத்ததென்று எண்ண வேண்டாம். தொல்காப்பியம் பாலைத் திணைக்குப் பெரும்பொழுதாக வேனிலையும் சிறுபொழுதாக நண்பகலையும் வகுக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்து பாலை என்ற வடிவம் கொள்ளும் என்கிறது சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், மே மாதத்தில், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, நீர் வற்றிய அருவியின் முன் ஒரு குடும்பம் தூக்குச்சட்டியோடு நிற்குமானால், இலக்கணப்படி அது நிற்பது குறிஞ்சியில் இல்லை, பாலையில். பாலையின் உரிப்பொருள் பிரிவு. இங்கே பாறையைத் தண்ணீர் பிரிந்திருக்கிறது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அகப்பாடல்களில் தலைவியும் தோழியும் தாங்கள் கால் வைத்திராத சுரத்தை வீட்டில் இருந்தபடியே கல்லும் முள்ளுமாக, கழுகும் கள்ளியுமாக வருணிக்கிறார்கள். பார்க்காததைப் பார்த்தது போலச் சொல்வது இம்மண்ணில் குற்றமாகக் கருதப்பட்டதில்லை, பாட்டாகவே கருதப்பட்டது. பாலை பாடிய பெருங்கடுங்கோ சேர அரசர். நம் காலத்தில் அந்தப் பொறுப்பைப் பெரியப்பாக்கள் ஏற்றார்கள்.

பெரியப்பா என்பது இங்கே உறவுப் பெயர் மட்டுமன்று, ஒரு பதவி. தாய்மாமனோ, சித்தப்பாவோ, ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு ஆசிரியரோ அதை வகிக்கலாம். பதவிக்குரிய செயல்முறை மாநிலம் முழுக்க ஒரே சீரானது. முதலில் வலக்கை தலைக்கு மேல் உயரும். பிறகு பாறையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை பக்கவாட்டில் நகரும். "சீசன்ல வந்து பாக்கணும்டா தம்பி, இந்தப் பாறையே கண்ணுக்குத் தெரியாது" என்ற வாக்கியம் அப்போது வெளிப்படும். அந்த வாக்கியத்தின் நுட்பத்தை ஆய்வுலகம் போதுமான அளவு வியக்கவில்லை. கண்முன் இருப்பது பாறை மட்டும். அதையும் தெரியாமல் ஆக்கிவிடுகிறார். மீதமிருக்கும் வெற்றிடத்தில் தண்ணீரை ஊற்றுவது பிள்ளையின் வேலை. இந்த விளக்கவுரையாளர் தாம் சொல்லும் அருவியை எப்போது கண்டார் என்ற கேள்வி இயல்பாக எழும். அவரும் ஒரு காலத்தில் பள்ளிச் சிறுவன். அவருக்கும் லீவு மே மாதத்தில்தான். அவரையும் அதே பாறையின் முன் நிறுத்தி அவருடைய பெரியப்பா வலக்கையை உயர்த்தியிருக்கக் கூடும். ஆக, அந்த நீர் மலையிலிருந்து இறங்கியதைவிடத் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் இறங்கியதே அதிகம். மலையில் வற்றுவது உண்டு, இதில் வற்றியதில்லை.

மறுப்புகளைப் பார்ப்போம். ஆடியிலும் ஆவணியிலும் குற்றாலம் நிரம்பி வழிகிறதே, அவர்களெல்லாம் யார் என்பது முதல் மறுப்பு. அவர்களில் ஒரு சாரார் அலுவலகத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வேன் பிடித்து வந்த நண்பர் குழுக்கள்; குடும்பச் சுற்றுலா என்ற வரையறைக்குள் வர மாட்டார்கள், வர விரும்பவும் மாட்டார்கள். இன்னொரு சாரார் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்க்காரர்கள். அவர்களுக்கு அது குளியல், சுற்றுலா அல்ல. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்திலேயே குடியிருந்து, நண்பர்களை வரவழைத்து, அருவியையும் கம்பனையும் ஒருசேர அனுபவித்தார்; அவரைப் போன்றவர்களைச் சான்றாக எடுத்தால் ஆய்வு கெட்டுவிடும். சில ஆண்டுகள் கோடை மழை பெய்து மே மாதத்திலேயே அருவியில் தண்ணீர் வருகிறதே என்றும் கேட்கலாம். வருகிறது; மறுக்கவில்லை. ஆனால் அப்போது பெரியப்பா என்ன சொல்கிறார் என்பதைக் கூர்ந்து கேட்க வேண்டும். "இதெல்லாம் ஒரு தண்ணியா? சீசன்ல வந்து பாரு" என்கிறார். தண்ணீர் இருந்தபோதும் அதை இல்லை என்று தள்ளிவிட்டு, வராத தண்ணீரையே அவர் காட்டுகிறார் என்பதால், இம்மறுப்பு நம் கோட்பாட்டுக்கு வலுச் சேர்க்கிறது.

இரண்டாவது மறுப்பு மலைவாசத் தலங்களிலிருந்து வருகிறது. இது சற்றுப் பலமானது. கோடைக்கென்றே ஏற்பட்டவை அல்லவா ஊட்டியும் கொடைக்கானலும்? மெட்ராஸ் மாகாண அரசாங்கமே கோப்புகளைக் கட்டிக்கொண்டு கோடையில் உதகைக்கு ஏறியது. 1896இல் தொடங்கிய மலர்க் கண்காட்சி இன்றும் மே மாதத்தில் நடப்பதற்காகப் பல மாதங்களுக்கு முன்பே நாற்று நட்டுக் காத்திருக்கிறார்கள். பூக்கள் இருக்கின்றன, குளிரும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மே மாதத்து ஊட்டியில் குடும்பம் பூவைப் பார்த்ததா, முன்னால் நின்ற குடும்பத்தின் முதுகைப் பார்த்ததா என்பது தனி ஆய்வுக்குரியது. கொடைக்கானலில் நிலைமை இன்னும் தெளிவு. மலையேறும் வழியில் எல்லா வண்டியும் நிற்கும் வெள்ளி அருவிக்கு ஏரியின் உபரிநீர்தான் ஆதாரம். கோடை முற்றினால் அங்கே அருவியை விட மாங்காய்க் கீற்றுக் கடைகள் பார்வைக்குப் பெரியவை. குறிஞ்சியோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூப்பது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. பூக்கிற ஆண்டிலும் ஜூலைக்குப் பிறகுதான். முழுப்பரீட்சை லீவில் மலையேறிய பிள்ளைக்கு அது எந்த ஆண்டிலும் பூத்ததில்லை. குறிஞ்சி ஆண்டவர் கோயில் வாசலில் நின்று, மலை முழுக்க நீலமாக இருக்கும் என்று பெரியவர் சொல்லக் கேட்டதோடு சரி. அந்தச் சொல்லில் பூத்த பூதான் முப்பது ஆண்டுகளாக உதிராமல் இருக்கிறது.

கோடையில் மட்டுமே கண்ணுக்குத் தெரிபவையும் உண்டே என்பது மூன்றாவது மறுப்பு. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் முழுகிக் கிடந்த நந்தி தலைகாட்டும். ஒகேனக்கல்லில் வெள்ளம் வந்தால் பரிசல் ஓடாது, வெயில் காலத்தில் ஓடும். உண்மை. பரிசலில் போன பிள்ளை பரிசலையே நினைவு வைத்திருக்கிறது என்பதை விலக்காக ஏற்கிறோம். விலக்கில்லாத விதியை யாரும் நம்ப மாட்டார்கள். நந்தியை மட்டும் விட்டுத்தர இயலாது. அந்த நந்தியின் முன் நின்று பெரியவர்கள் பேசுவது நந்தியைப் பற்றி அல்ல. அணை நிறைந்தால் தண்ணீர் எது வரை நிற்கும் என்பதைப் பற்றி. 120 அடி என்று கையை உயர்த்திக் காட்டுவார்கள். பிள்ளையும் நந்தியை மறந்து அண்ணாந்து பார்க்கும்.

கோயில்கள் எந்தப் பருவத்திலும் அப்படியே நிற்கின்றனவே, தஞ்சைப் பெரிய கோயிலில் என்ன இல்லை என்று கேட்பவர்களுக்கு ஒரே சொல்: நிழல். 1010இல் நிறைவுற்ற அந்த விமானத்தின் முன், சுடுகல்லில் கால் மாற்றிக் கால் வைத்துத் துள்ளிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லப்படுவது இதன் நிழல் தரையில் விழாது என்பதுதான். இருநூறு அடிக்கு மேல் எழுந்த கட்டடம் கண்ணெதிரே இருக்க, பார்க்கச் சொல்வது விழாத நிழலை. காலையிலும் மாலையிலும் நிழல் நன்றாகவே விழுகிறது. ஆனால் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகலில் சூரியன் தஞ்சைக்கு நேர் உச்சியில் நிற்கும் என்பதால், லீவு விட்ட கையோடு உச்சி வெயிலில் அங்கே போய்ச் சேரும் குடும்பத்துக்கு அந்தக் கட்டுக்கதை கிட்டத்தட்ட மெய்யாகிவிடுகிறது.

பிறர் சொன்னது எப்படிச் சொந்த நினைவாக மாறும் என்று உளவியல் தரப்பு ஐயுறலாம். அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸும் அவருடைய சக ஆய்வாளரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக நடக்காத சம்பவம் ஒன்றை, குடும்பத்தார் சொன்னதாக 24 பேருக்குக் கொடுத்தார்கள். ஏறத்தாழக் கால்வாசிப் பேர் அது நடந்ததாகவே முழுமையாகவோ பகுதியாகவோ நினைவு கூர்ந்தார்கள். நம் பெரியப்பாக்கள் நல்கை எதுவும் பெறாமல், இதைவிடப் பெரிய மாதிரிக் கூட்டத்தை வைத்து, இதைவிட உயர்ந்த வெற்றி விகிதத்தில் பல தலைமுறைகளாகச் செய்துவந்த சோதனைதான் இது. எதிர்ச் சான்று வேண்டுவோர் பழைய ஆல்பத்தைத் திறக்கட்டும். 36 படம் எடுக்கும் ஃபிலிம் சுருளில் குற்றாலத்துக்கு ஒதுக்கப்பட்ட இரண்டு மூன்று படங்களில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் குடும்பத்தின் பின்னால் இருப்பது வறண்ட கல். அதே படத்தைக் கையில் வைத்துக்கொண்டே, அன்று என்ன தண்ணீர் தெரியுமா என்பவர்கள் எத்தனையோ பேர்.

அண்மைக் காலத்தில் இம்மரபுக்கு ஓர் ஆபத்து வந்திருக்கிறது. பாறையின் முன் நிற்கும் பிள்ளை கைப்பேசியில் சென்ற ஜூலை மாதத்து அருவியை உடனே ஓட்டிப் பார்த்துவிடுகிறது. எவ்வளவு தண்ணீர் என்பது அதற்கு அளவோடு தெரிந்துவிடுகிறது; பெரியப்பாவின் கை பாதி உயர்ந்த நிலையில் இறங்கிவிடுகிறது. லீவை ஜூலைக்கு மாற்றிவிடலாமே என்று சிலர் யோசனை சொல்லக் கூடும். அது நோயைவிடக் கொடிய மருந்து: உண்மையான அருவியில் நனைந்த பிள்ளைக்குச் சளி பிடிக்கும், நினைவு பிடிக்குமா என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆகவே பள்ளிக் கல்வித் துறை விடுமுறை நாட்களைத் தொடாதிருக்கக் கடவது. வரும் மே மாதத்தில் குற்றாலம் புறப்படும் குடும்பங்கள், கைப்பேசிகளைத் தென்காசி தாண்டியதும் வாங்கிப் பையில் போட்டுவிட்டு, கூட ஒரு பெரியப்பாவை அழைத்துக்கொண்டு போகும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.