மொய் நோட்டில் ஊர் பிரிக்கும் முறைமை: ஓர் ஆராய்ச்சி

பைத்தான் மொழியில் நிரல் எழுதப் பழகுவோர் சீக்கிரமே முட்டிக்கொள்ளும் சிக்கல் ஒன்று உண்டு. நீளமான பட்டியல் ஒன்றில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது; அதையெல்லாம் திரட்டி ஒரு டிக்ஷனரியில் அடைக்க வேண்டும். இதற்குத் தீர்வு கணினித் துறையில் பிறந்தது என்று நம்பப்படுகிறது. பேராவூரணி வட்டாரத்துப் பந்தல்களை ஆராயாமல் அந்த நம்பிக்கையை ஏற்பதற்கில்லை.

கல்லணைக் கால்வாயின் கடைமடையான பேராவூரணியிலும், அதையொட்டிப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பக்கமும் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கல்யாணம், காதுகுத்து எதுவும் வேண்டியதில்லை. பலர் கூட்டாகப் பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள். சாப்பிட்டவர்கள் மொய் எழுதுவார்கள். அவரவர் முறை வரும்போது விருந்து போட்டவர் அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். ஆகவே மொய் நோட்டு ஒரு கடன் பத்திரம், தொலைத்தவர் தொலைந்தார்.

பந்தல் நோட்டு ஆள் வந்த வரிசையில் இருக்கும்: ஊர், பெயர், ரூபாய். கணினியார் இதை லிஸ்ட் என்பர். எழுதுபவர் முதலில் பெயரைக் கேட்பதில்லை, ‘எந்த ஊருங்க?’ என்றுதான் கேட்பார். டிக்ஷனரியில் எது தேடும் கீ, எது அதன் கீழ் வரும் வேல்யூ என்ற விவாதம் அந்த மேஜையிலேயே முடிந்துவிடுகிறது. பெயரைக் கீயாக வைத்தால் ஏழு ஊர் முருகேசன்களும் ஒரே பக்கத்தில் வந்து உட்காருவார்கள். யார் எவர் என்று பிரிக்கத் தனியாகப் பஞ்சாயத்து வைக்க வேண்டிவரும்.

விருந்து முடிந்ததும் ஊர் வாரியாக இன்னொரு நோட்டு போடுவார்கள். கற்றுக்குட்டி நிரலாளர் சறுக்குவது இங்கேதான். ஊருக்கு நேரே பெயரை நேரடியாக வைத்தால், அடுத்த பெயர் வந்ததும் முந்தியது அழியும். நாடியத்திலிருந்து நாற்பது பேர் வந்திருந்தாலும் கடைசியாக வந்தவர் மட்டுமே மிஞ்சுவார். மற்ற முப்பத்தொன்பது வீட்டுக்கும் மொய் திரும்பாது; அதன் விளைவுகள் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. ஊருக்கு நேரே ஒரு பெயரை வைக்காமல் ஒரு வெற்றுப் பட்டியலை வைத்து, வருபவரையெல்லாம் அதில் சேர்ப்பதே முறை. பக்கம் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் தலைப்புப் போட்டுத் தொடங்கு என்பதை மொய் எழுதுபவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. பைத்தானில் இதைத் தானே செய்யும் டீஃபால்ட்டிக்ட் 2006-இல், 2.5ஆம் பதிப்போடுதான் வந்தது.

குரூப்பை என்ற இன்னொரு கருவியும் அதில் உண்டு. அடுத்தடுத்து வரும் ஒரே ஊர்க்காரர்களைத்தான் அது சேர்க்கும். வேனில் மொத்தமாக வந்திறங்கியவர்களுக்குச் சரி. அதே ஊர்க்காரர் ஒருவர் மதியம் தனியாக பைக்கில் வந்தால், அவருக்கென்று அதே ஊர்ப் பெயரில் புதுக் கட்டு ஒன்று போட்டுவிடும். முதலில் ஊர்ப் பெயரை வைத்து வரிசைப்படுத்திக்கொண்டால் இந்த வம்பில்லை.

இத்துறையின் தொன்மைக்குத் தஞ்சைப் பெரிய கோயிலே சான்று. இராசராசன் அங்கே குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் ஆடல் மகளிர்) பட்டியலைக் கல்வெட்டு தெரு, சிறகு, வீடு என்ற வரிசையில் தருகிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல், மொத்தம் 40,000 கலம். ஏறக்குறைய எல்லோருக்கும் பெயருக்கு முன் ‘நக்கன்’ என்றே வருவதால், பெயரைக் கீயாக்க நினைப்பவர் முதல் சொல்லிலேயே தடுமாறுவார். கல்வெட்டு எழுதியவர் வீட்டைப் பிடித்துக்கொண்டார். பங்கு பெற்றவர் இறந்தால் நெருங்கிய உறவில் தகுதியுள்ளவர் அந்த இடத்துக்கு வருவார்; கீ அப்படியே இருக்க, வேல்யூ மட்டும் மாறும். ஆனால் திருவையாற்றிலிருந்து எத்தனை பேர், திருவாரூரிலிருந்து எத்தனை பேர் என்று கேட்டால் சுவர் உடனே பதில் சொல்லாது. வீடு வீடாகப் படித்து, ஊருக்கு ஒரு பக்கம் போட்டுத்தான் எண்ண வேண்டும்.

இப்போது மொய் விருந்துகளில் கம்ப்யூட்டர் வைத்து ரசீது அடித்துக் கொடுக்கிறார்கள். ஊர் பிரிப்பது ஒரு பொத்தானில் முடிகிறது. தீராத சிக்கல் ஒன்றுதான்: கல்யாண வீட்டில் ஊரும் பேரும் இல்லாமல் ‘அன்புடன்’ என்று மட்டும் எழுதி வரும் 501 ரூபாய்க் கவர். பைத்தான் இதை ‘நன்’ (ஒன்றுமில்லை) என்ற கீயின் கீழ் எந்தக் கேள்வியும் கேட்காமல் போட்டு வைக்கும். வீட்டிலோ ராத்திரி அதை அத்தை கையில் கொடுப்பார்கள். அவர் எழுத்தைப் பார்த்துவிட்டு, கிழக்குத் தெரு சின்ன மாமனார் என்பார்.