பழியைச் சுமக்க ஒரு பெட்டி

ஃபைட்டிங் கேமில் தோற்றவர் எதிராளியைப் பார்ப்பதில்லை. கையிலிருப்பதைத் திருப்பிப் பார்ப்பார், ஒரு பட்டனை இரண்டு தடவை தட்டுவார், பிறகு பொதுவாகக் காற்றைப் பார்த்து, "அமுக்கினேன், வரல" என்பார். இந்த மூன்றையும் செய்யாத ஆட்டக்காரர் டோக்கியோவிலும் கிடையாது, லாஸ் வேகஸிலும் கிடையாது, எங்கள் குரோம்பேட்டையிலும் கிடையாது. அதனால்தான், எந்தக் கண்ட்ரோலர் வாங்கலாம் என்று யாராவது வந்து நின்றால் நான் ஒன்றே ஒன்றைத் திருப்பிக் கேட்கிறேன்: தோற்றால் எதன்மேல் பழி போடுவதாக உத்தேசம்?

கிண்டலுக்குக் கேட்கவில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ரியூ என்ற வீரனின் கையிலிருந்து நீலப் பந்து பறக்க வேண்டுமானால் கீழே, கீழ்-முன் மூலை, முன்னே என்று கால்வட்டம் போட்டுக் குத்துப் பட்டனை அமுக்க வேண்டும். எகிறி மேலே பாயும் குத்துக்கு முன்னே, கீழே, கீழ்-முன் மூலை. ஸாங்கீஃப் என்ற ரஷ்ய மல்யுத்தக்காரர் ஆளைத் தூக்கிச் சுழற்றித் தலைகீழாக நடுவதற்கு ஒரு முழு வட்டம். முழு வட்டம் என்றால் வழியில் 'மேலே' வரும். மேலே என்றால் குதி. வட்டம் கொஞ்சம் சுணங்கினால், தூக்கி அடிக்க வந்த மனிதர் சம்பந்தமில்லாமல் ஒரு குதி குதித்து, அந்தரத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்குவார். ஆட்டம் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுகிறது. ஒரு ஃப்ரேம் 17 மில்லி நொடிகூட இல்லை. சில ஃப்ரேம்களுக்குள் இந்தக் கோலத்தையெல்லாம் போட்டு முடிப்பது இடது கை. நம்மில் பலர் அதுவரை வாழ்க்கையில் அந்தக் கைக்கு இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்திருக்க மாட்டோம்.

1987இல் காப்காம் கம்பெனி முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரை வெளியிட்டபோது, அதன் ஆடம்பர மாடலில் குத்துக்கு ஒன்று, உதைக்கு ஒன்று என இரண்டு பெரிய ரப்பர் மெத்தைகளைப் பதித்திருந்தார்கள். எவ்வளவு பலமாக மெத்தையில் அறைகிறீர்களோ அவ்வளவு பலமான அடி திரையில் விழும். காசையும் வாங்கிக்கொண்டு, அடிக்கவும் அனுமதி கொடுத்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? மெத்தையும் தாங்கவில்லை, மணிக்கட்டும் தாங்கவில்லை. மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று, ஆக ஆறு பட்டன் வைத்த மாடல் நிலைத்தது. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 அந்த ஆறையும் உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வீட்டில் சேகா மெகா டிரைவ் வைத்திருந்தவர்கள் கண்ட்ரோலரில் மூன்று பட்டனை வைத்துக்கொண்டு விழித்தார்கள். 1993இல் அதற்கென்றே ஆறு பட்டன் கண்ட்ரோலர் வந்தது. ஒரு விளையாட்டுக்காக ஒரு கம்பெனி கண்ட்ரோலரையே மாற்றியிருக்கிறது. குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் புது கண்ட்ரோலருக்கு அனுமதி கேட்கும்போது உதவும்.

(நம்மூரில் தொண்ணூறுகளில் டோக்கன் வாங்கி ஆடியவர்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இருந்ததில்லை. 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்ற ஆட்டத்துக்கே 'முஸ்தஃபா' என்று பெயர் சூட்டி, ஆடுகிற லீவரில் ஆடிக்கொண்டிருந்த கூட்டம் அது.)

லீவரைக் கழற்றி உள்ளே பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். நான்கு சின்ன ஸ்விட்ச், நடுவில் ஒரு கம்பி, அதை நிமிர்த்தி வைக்க ஒரு ஸ்பிரிங். மூலைக்குத் தள்ளினால் பக்கத்துப் பக்கத்து ஸ்விட்ச் இரண்டும் சேர்ந்து அமுங்கும். இவ்வளவுதான் சமாசாரம். இதன்மேல் மூன்று நாட்டார் மூன்று மதம் வளர்த்திருக்கிறார்கள். ஜப்பானியர்களுக்கு சான்வா கம்பெனியின் ஜேஎல்எஃப்: தலையில் 35 மி.மீ. உருண்டை, தொட்டால் சாயும் லீவர், அடியில் அது நகரும் எல்லையைக் கட்டும் சதுரத் துளை. அமெரிக்கர்களின் பழைய ஹாப் லீவருக்குப் பிடி நீளம், விறைப்பு அதிகம். கொரியர்கள் ஸ்பிரிங்கையே தூக்கி எறிந்துவிட்டு ரப்பர் வைத்தார்கள். கையை எடுத்த கணம் லீவர் நடுவுக்கு வந்து நிற்கும். டெக்கன் ஆட்டத்தில் விறுவிறுவெனப் பின்வாங்கி ஓட அதுதான் வசதி என்று சத்தியம் செய்வார்கள். மூன்று தரப்பும் ஒன்றாக உட்கார்ந்தால் விடிய விடியப் பேச்சு ஓடும், ஆட்டம் மட்டும் ஆரம்பிக்காது.

வட்டம் போடுவதற்கு எதற்குச் சதுரத் துளை என்று நியாயமான சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. மூலை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிவதற்காகவாம். ஓரத்தில் உரசிக்கொண்டு போகாமல் நடுவிலேயே சின்னதாகச் சுழற்ற வேண்டுமாம். முடியாதவர்களுக்கு எண்கோணத் துளை தனியாக விற்கிறார்கள். ஆக, துளையின் வடிவத்தின்மேலும் பழி போடலாம். அதுவும் மலிவு விலையில்.

பிடிப்பதிலும் கட்சி உண்டு. உருண்டையை மேலிருந்து கவிழ்த்துப் பிடிப்பது ஒன்று. உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, விரலிடுக்கில் கம்பியைச் செருகி, ஒயின் கோப்பையைத் தாங்குகிற பாவனையில் பிடிப்பது இன்னொன்று. டம்ளர் காபியில் வளர்ந்தவன் என்பதால் நான் கவிழ்த்துப் பிடிக்கும் கட்சி.

டோக்கியோவின் தகதனோபாபா வட்டாரத்தில் மிகாடோ என்று ஒரு விளையாட்டுக் கூடம் இருக்கிறது. பழைய ஃபைட்டிங் கேம்களுக்குப் பேர்போன இடம். வேலை விஷயமாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். ஜப்பானில் இரண்டு இயந்திரங்களை முதுகோடு முதுகு சேர்த்து வைப்பார்கள். எதிராளி மறுபக்கம் உட்கார்ந்திருப்பார், முகம் தெரியாது. 100 யென் நாணயத்தைப் போட்டேன். அது உள்ளே விழுந்த ஓசை அடங்குவதற்குள் என் கதை முடிந்துவிட்டது என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. யார் அந்த மகானுபாவர் என்று சுற்றிப் போய்ப் பார்த்தேன். ஆபீஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு, டை கட்டிய பெரியவர் ஒருவர், அடுத்த ஆளுக்காகக் காத்திருந்தார். எனக்கு அதிர்ச்சி தோற்றதில் இல்லை. அவர் பிடித்திருந்ததும் நான் பிடித்திருந்ததும் ஒரே ரக லீவர், இரண்டும் பழுதில்லாத லீவர். பழி போட அந்தக் கட்டடத்திலேயே இடமில்லை. அதனால்தான் அங்கே எல்லாரும் அவ்வளவு அமைதியாக ஆடுகிறார்களோ என்னவோ.

வீட்டுக்கு ஸ்டிக் வாங்கும் ஆசையைக் கிளப்புவது பெரும்பாலும் ஒரு காணொளி. 2004இல் நடந்த ஈவோ என்ற ஃபைட்டிங் கேம் போட்டி, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3. ஜப்பானிய ஆட்டக்காரர் தைகோ உமெஹாரா எடுத்த கென் என்ற வீரனுக்கு உயிர் ஒரு கோடளவு பாக்கி. தடுத்தாலே செத்துவிடுவார். எதிராளி ஜஸ்டின் வாங் எடுத்த சுன்லி மழையாக உதைக்கிறாள். ஒவ்வொரு உதைக்கும் மிகச் சரியான கணத்தில் லீவரை முன்னே தட்டி, 15 உதைகளையும் தள்ளிவிட்டு, திருப்பி அடித்து ஜெயிக்கிறார் தைகோ. இதைப் பார்த்தவனுக்கு ஸ்டிக் வாங்காமல் தூக்கம் வராது. 2009இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வந்தபோது மேட் கேட்ஸ் கம்பெனி அசல் சான்வா பாகங்களோடு ஒரு ஸ்டிக்கை இறக்கியது. தூக்கம் வராதவர்கள் ஊருக்கு ஊர் அதை வாங்கினார்கள். தைகோவின் கை பெட்டிக்குள் இல்லை என்பது பிரித்த பிறகுதான் தெரியும். 2017இல் அந்தக் கம்பெனியே திவாலானது. அதற்கு நான் காரணமில்லை, என்னால் முடிந்ததைச் செய்தேன்.

ஸ்டிக் என்றால் ஏதோ குச்சி என்று நினைத்துவிடாதீர்கள். லீவரும் பட்டனும் பதித்த, இரண்டு மூன்று கிலோ எடையுள்ள பெட்டி. மடியில் வைத்தால் தொடை மரத்துப்போகும், மேசையில் வைத்தால் மேசை அதிரும். சான்வா பட்டனின் டகடக சத்தம் இரவு பதினொரு மணிக்கு மேல் தனி கம்பீரம் பெறும். கீழ் வீட்டு அம்மா ஒரு நாள் மாடிப்படியில் என் மனைவியை நிறுத்தி, "உங்க வீட்டுக்காரர் டைப்ரைட்டிங் வேலை ஏதும் எடுத்துப் பண்றாராம்மா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாக்கா, நைட் ஷிஃப்ட்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். என் கௌரவத்தைக் காப்பாற்றினாளா, தன்னுடையதையா என்று நான் விசாரிக்கவில்லை.

விமான நிலையத்திலும் இதைக் கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே திரையில் வரிசையாகப் பட்டன், ஒரு கம்பி, உள்ளே சிக்கலாக வயர். காவலர் பையைத் தனியே எடுத்து வைத்தார்.

"என்ன சார் இது?"

"கேம் ஆடுறதுங்க."

"பையனுக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மனைவி பதில் சொன்னாள்: "ஆமாங்க. எங்க மாமியாரோட பையனுக்கு."

லீவரே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்த ரகம். ஹிட் பாக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியால் பிரபலமான இந்தப் பெட்டியில் திசைகளுக்கும் பட்டன்தான். இடது, கீழே, வலது மூன்றும் விரல்களுக்கு. குதிப்பது கட்டைவிரலுக்கு, பெரிய பட்டனாக. லீவர் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பயணம் செய்ய வேண்டும், விரல் இருந்த இடத்திலேயே இறங்கினால் போதும். வேகம் அதிகம், பிசிறு குறைவு. கூடவே ஒரு தத்துவச் சிக்கலும் வந்தது. லீவரை ஒரே நேரத்தில் இடதுக்கும் வலதுக்கும் தள்ள முடியாது. பட்டனை முடியும். இரண்டையும் அமுக்கினால் ஆள் எந்தப் பக்கம் போவான்? போட்டி நடத்துகிறவர்கள் உட்கார்ந்து யோசித்து, எந்தப் பக்கமும் போகக் கூடாது, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று விதி எழுதியிருக்கிறார்கள். மனைவிக்கும் அம்மாவுக்கும் நடுவில் நிற்பவர்கள் பல காலமாகக் கடைப்பிடிக்கும் விதி, எழுத்தில் வந்தது இப்போதுதான். 2019இல் தைகோவே கொண்டு வந்த ஒரு பட்டன் பெட்டியைக் காப்காம் தன் போட்டியில் அனுமதிக்கவில்லை. லீவரால் பேர் வாங்கிய மனிதரே லீவரை விட்டுவிட்டார் என்ற செய்தி என் ஸ்டிக்குக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தப் பட்டன் பெட்டியின் பெருமையை அக்கா மகனிடம் விரிவாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"மாமா, கீபோர்டுலயும் பட்டன்தானே இருக்கு?"

பதில் இல்லை. கீபோர்டிலும் பட்டன்தான் இருக்கிறது. மலிவான கீபோர்டில் சில விசைகளைச் சேர்த்து அமுக்கினால் ஒன்று பதிவாகாது என்பதைத் தவிர, அடிப்படை ஒன்றேதான். அவன் தன் பழைய லேப்டாப்பைத் திறந்தான். 2023இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் 'மாடர்ன்' என்றொரு முறை இருக்கிறது. கால்வட்டம், முழுவட்டம் எதுவும் வேண்டாம். திசையும் ஒரு பட்டனும் போதும், விசேஷ அடி விழும். அப்படிச் சுலபமாக விடும் அடிக்கு 20 சதவீதம் வலு குறைவு என்பது அபராதம். அந்த அபராதத்தையும் கட்டிவிட்டு, சார்ஜர் வயரைக் காலால் ஒதுக்கிக்கொண்டே, என்னை அடித்துத் துவைத்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க ஸ்டிக்ல ஏதோ பிரச்சனை இருக்கு மாமா" என்றான். மரியாதை தெரிந்த பிள்ளை.

சாதாரணக் கையடக்கக் கண்ட்ரோலரை, அதாவது பேடை, ஸ்டிக் வைத்திருப்பவர்கள் ஏளனமாகப் பேசிய காலம் ஒன்று உண்டு. கட்டைவிரல் கொப்பளிக்கும், மூலை சரியாக விழாது, ஆறு பட்டனில் இரண்டு பட்டன் பேடின் மேல் விளிம்புக்குப் போய்விடும் என்று சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் 2014 ஈவோவில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை வென்ற லஃபி என்ற பிரெஞ்சுக்காரரின் கையில் இருந்தது முதல் பிளேஸ்டேஷன் காலத்துப் பேட். எதிரே ஸ்டிக்குகள் வரிசையாக வந்து விழுந்தன. அத்தோடு ஏளனம் குறைந்தது, கொப்பளம் குறையவில்லை.

டெக்சஸைச் சேர்ந்த மைக் பெகம், ப்ரோலிலெக்ஸ் என்ற பெயரில் ஆடியவர், பிறவியிலேயே மூட்டுகள் இறுகிய உடல்நிலை கொண்டவர். தரையில் படுத்துக்கொண்டு, சாதாரணப் பேடை முகத்தோடு அணைத்து, வாயாலும் நாக்காலும் ஆடினார். சுன்லியை எடுத்துக்கொண்டு ஈவோ போட்டிவரை வந்து, கையால் ஆடியவர்களை வீட்டுக்கு அனுப்பினார். 2023இல் மறைந்தார். அவர் ஆட்டத்தைப் பார்த்த அன்று இரவு மட்டும் நான் எந்தப் பட்டனையும் குறை சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போல.

இவ்வளவு சொன்ன பிறகு வாங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கையில் ஏற்கெனவே பேட் இருந்தால் அதிலேயே ஆடிப் பாருங்கள். அடி வாங்குவதற்கு அது போதும், கொடுப்பதற்கும் போதும். கட்டைவிரல் வலித்தால் பட்டன் பெட்டி பாருங்கள், மணிக்கட்டு நன்றாக இருந்து பழைய டோக்கன் கடை ஞாபகமும் இருந்தால் ஸ்டிக் பாருங்கள். எதுவானாலும் உங்கள் கன்சோலுக்கு ஒத்துவருமா என்று முதலில் கேளுங்கள், ஒரு கம்பெனிக்கு எழுதிய பெட்டி இன்னொன்றில் பெரும்பாலும் பேசாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் சேர்த்துக் கூட்டிவிட்டு வீட்டில் விலை சொல்லுங்கள். அடித்தட்டு திருகைக் கழற்றித் திறக்கிற மாதிரியும், பட்டன் 30 மி.மீ. அளவிலும் இருக்கட்டும். அப்போதுதான் பழுதானதை நீங்களே மாற்றலாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் சத்தமில்லாத பட்டனுக்குக் கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் தோற்றால் "புதுசு, இன்னும் கை பழகல" என்று தாராளமாகச் சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து தயவுசெய்து துளையின் வடிவத்துக்கு மாறிவிடுங்கள்.