நடைபாதை போட்ட புண்ணியவானுக்கு

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கிறது. வெண்கோலை எப்படிப் பிடிப்பது, இடமும் வலமும் தட்டி எப்படி நடப்பது என்றெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அது வெறும் பாடம்தானே? பரீட்சை வைக்க ஆள் வேண்டாமா? அங்கிருந்து ஆவடி வரைக்கும் நடைபாதை போட்டு அந்தப் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள்.

உங்கள் நடைபாதையில் இருக்கும் மேடு வைத்த மஞ்சள் டைல்ஸை 1965இல் யோசித்தவர் ஜப்பானின் செய்இச்சி மியாகே. 1967இல் ஒக்காயாமாவில் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் முதன்முதலாகப் பதித்தார்கள். அந்த மனிதருக்குக் கற்பனை போதாது. கோடு வந்தால் நட, புள்ளி வந்தால் நில். அவ்வளவுதான் அவர் சரக்கு. நீங்கள் கலைஞர். கோட்டையும் புள்ளியையும் கலந்து கோலமே போட்டுவிட்டீர்கள். போன வாரம் கோட்டை நம்பி நடந்தேன். நேரே டிரான்ஸ்பார்மர் வேலியில் கொண்டுபோய் விட்டது. அதற்கு முன்னால் ஒரு புள்ளிகூட இல்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டால் சுவாரசியம் ஏது?

கோல் தரையைத்தான் தடவும், இடுப்புக்கு மேலே இருப்பது அதற்குத் தெரியாது. இந்த நுட்பத்தைக் கண்டுகொண்டவர்கள் உங்கள் சிஷ்யர்களான கடைக்காரர்கள். பெயர்ப்பலகையைச் சரியாக நெற்றி உயரத்தில் நீட்டியிருக்கிறார்கள். பிரெயில் என்றால் விரலால் தடவித் தடவிப் படிக்க வேண்டும். இங்கே நெற்றியாலேயே ஒரே மூச்சில் படித்துவிட்டேன். வீக்கம் வடிய நான்கு நாள் ஆனது, அது வேறு விஷயம்.

பக்கத்து ஏடிஎம்மையும் பாராட்டியாக வேண்டும். பேசும் இயந்திரம். ஹெட்போன் குத்தும் துளையில் தூசி போகாமல் செலோடேப் ஒட்டிக் காத்து வருகிறார்கள்.

2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. மறு வருடம் விதிகள் வந்தன. அன்றிலிருந்து, இருக்கிற பொதுக் கட்டடங்களை எல்லாரும் அணுகும்படி சரிசெய்யச் சட்டம் ஐந்து ஆண்டு தவணை தந்தது. 2022 ஜூனில் தவணை முடிந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் பற்றிய விதி பரிந்துரை போல இருக்கிறது, கட்டாய விதி எழுதுங்கள் என்றது. நீங்கள் பதறவில்லை. அந்த நிதானம் யாருக்கு வரும்?

ஒரே ஒரு குறை, ஐயா. இவ்வளவு செய்தும் உங்கள் கைவண்ணத்தை நீங்கள் அனுபவித்ததே இல்லை. ஒரு நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு வாருங்கள், டிரான்ஸ்பார்மர் வரைக்கும் நடக்கலாம். கோல் நான் தருகிறேன்.