முறித்தலும் முறித்தல் நிமித்தமும்

மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர் நடுவழியில் இறங்கி உடம்பை முறுக்கி நிமிர்த்துவதைத் தமிழ் இலக்கணம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. தொல்காப்பியர் முதல், கரு, உரி என்று வகுத்தவர், பைக்கை விட்டுவிட்டார். அக்குறையை மாத்தளை மாவட்ட அளவிலேனும் நீக்க முயல்வோம்.

முதற்பொருளில் நிலம் இரண்டு. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி, மாத்தளை, நாவுல, தம்புள்ளை என்று மாவட்டத்தை ஊடறுக்கிறது. இது முதுகு உறையும் நிலம். ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறி லக்கல பக்கம் இறங்கும் மலைப்பாதையோ விரல் மரக்கும் நிலம். வளைவுக்கு வளைவு இடக்கை கிளச்சையும் வலக்கை பிரேக்கையும் இறுக்கிக்கொண்டே இருக்கும். பக்கத்து மலைத்தொடர் மடக்கிய கையின் முட்டிகளைப் போலத் தெரிந்ததால் ஆங்கிலேய அளவையாளர் அதற்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். டைம்லர் முதல் மோட்டார் சைக்கிளை ஓடவிட்டதோ 1885இல்தான். ஓட்டுநரின் கைநோய், வண்டி பிறக்கும் முன்பே வரைபடத்தில் ஏறிவிட்டது என்பதை உலகுக்கு முதன்முதலாக அறிவிப்பது இக்கட்டுரையே.

உரிப்பொருளுக்கு வருவோம். இடுப்பை மடக்கியபடி மணிக்கணக்கில் உட்கார்ந்தால், தொடையைத் தூக்க உதவும் தசைகள் குறுகிய நிலையிலேயே கிடந்துவிடும். அவற்றுள் ஒன்று முதுகெலும்பின் அடிப்பகுதியிலேயே தொடங்குவதால், இறங்கி நிமிரும்போது பிடித்து இழுக்கிறது. மருந்து எளியது. நாலடி நடக்க வேண்டும். பிறகு ஒரு காலைப் பின்னே நீட்டி, முன்காலை மடக்கி, உலுக்காமல் 20, 30 விநாடி நிற்க வேண்டும். கால் மாற்றி இன்னொரு தடவை.

இதைப் பகிரங்கமாகச் செய்ய மாத்தளையில் ஆள் இல்லை. செய்துவிட்டால், "என்னண்ணே, இடுப்பு புடிச்சிக்கிச்சா?" என்று ஒரு தம்பி கேட்பான். "இல்ல தம்பி, செயின் லூசா இருக்கு" என்று அண்ணன் பதில் சொல்லியே ஆக வேண்டும். எனவே இங்கே முறித்தல் ஒருபோதும் தனித்து நிகழாது, நிமித்தத்தோடுதான் நிகழும்.

நிமித்தங்களில் தலையாயது செயின் நிமித்தம். வண்டியருகே குந்தி, செயினை ஒற்றை விரலால் ஆட்டிப் பார்த்து, நெற்றியைச் சுருக்குவது. செயினுக்கு ஒன்றுமில்லை. ஆனால் குந்திய நிலையில் கெண்டைக்காலும் கீழ்முதுகும் சேர்ந்து இளகுகின்றன. அடுத்தது டயர் நிமித்தம்: காற்றுப் பார்க்கும் சாக்கில் காலை உதறுவது. பிளேன்டீ நிமித்தத்தில் சுடுகண்ணாடிக் கோப்பை மரத்த விரல்களுக்கு உயிர் கொடுக்கிறது, தேயிலை இரண்டாம்பட்சம். கழுத்துக்கு உரியது கோபுர நிமித்தம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் ராஜகோபுரம் 108 அடி. ஹெல்மெட்டைக் கழற்றிக் கலசம் வரை பார்த்துக் கும்பிட்டால் பிடரி தானாக நிமிர்கிறது. அம்மனுக்கு இது தெரியாமல் இருக்காது.

மறைக்கும் இம்மரபு பழையது. நகருக்குச் சற்று வடக்கே அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்த பிடகங்கள் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டன என்பது மரபு. அத்தனை ஏட்டையும் குனிந்து எழுதியவர்கள் எத்தனை தரம் எழுந்து முதுகை வளைத்தார்களோ! எழுதுகிறவர்கள் தங்கள் இடுப்பைப் பற்றி எழுதுவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்த தோட்டத் தொழிலாளருக்கோ நிமித்தம் தேடும் வசதியும் இருக்கவில்லை. வழியில் உட்கார்ந்தவர்களில் பலர் எழவேயில்லை. அவர்களை நம் வகைப்பாட்டுக்குள் இழுக்க மனம் வரவில்லை.

பொழுதிலும் ஒரு விலக்கு உண்டு. 2020இல் வாகன இறக்குமதி நின்றது. பழைய பைக்குகளே தொடர்ந்து ஓடி, சீட்டின் ஸ்பொன்ச் அப்பளமாயிற்று. 2022இல் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது பைக்குக்கு வாரம் 4 லீற்றர். பெற்றோல் செட் வரிசையில் நின்ற அந்த நாட்களில் ஆண்கள் இரு கையையும் தலைக்கு மேல் தூக்கி, நடுவீதியில், எந்தக் காரணமும் சொல்லாமல் முறித்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தம்பியும் அதே வரிசையில் முறித்துக்கொண்டிருந்தான்.

எஞ்சியிருப்பது பின்சீட்டு. சேலையோடு பக்கவாட்டில் அமர்ந்து, மடியில் பிள்ளை, கையில் சந்தைப் பையுடன் வருகிறவரின் இடுப்பு ஒரு பக்கமாகவே திருகி நிற்கிறது. முன்னால் இருப்பவருக்கு நாலு நிமித்தம். இவருக்குக் கொசுவத்தைச் சரிசெய்வது ஒன்றே. அப்போது இடுப்பு மறுபக்கம் எவ்வளவு திரும்புகிறது என்பதை ஆராய நினைத்தோம். அதற்குள் முன்னால் இருப்பவர், "ஏறு, நேரமாகுது" என்று வண்டியைக் கிளப்பிவிடுவதால் அளவு கிடைக்கவில்லை.