பெரியப்பாவின் முதுகு

நாகர்கோவிலிலிருந்து தும்பா விண்வெளி அருங்காட்சியகத்துக்கு வேன் பிடித்து வரும் குடும்பம் எதுவானாலும் அதில் ஒரு பெரியப்பா இருப்பார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார். அருங்காட்சியகம் இருப்பது பழைய மேரி மகதலேனா தேவாலயத்தில். ராக்கெட் வந்தாலும் கோயில் கோயில்தானே. அதுவரை அவர்மேல் மரியாதைதான் வரும். உள்ளே போனதும் முதல் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலுள்ள விளக்கப் பலகையைத் தம் முதுகால் முழுக்க அடைத்துக்கொண்டு, குடும்பத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, “எல்லாரும் இங்க பாருங்க” என்பார். எதைப் பார்ப்பது? பலகை அவருக்குப் பின்னால். ராக்கெட்டில் பாதியும் அவருக்குப் பின்னால். பாக்கி இருப்பது சட்டைப் பையில் பேனா செருகிய ஒரு பெரியப்பா மட்டும். அடுத்த பெட்டிக்கு நகரும்போதும் ஓரக்கண்ணால்கூடப் பலகையைப் பார்க்கமாட்டார். பார்த்தால் அதில் இருப்பதைத்தானே சொல்ல வேண்டியிருக்கும்.

தப்பாகச் சொல்கிறார் என்பதல்ல அவர்மேல் என் குற்றச்சாட்டு. தப்பை யாரும் சொல்லலாம். அவர் சொல்லும் கதை உண்மையைவிடச் சப்பென்று இருக்கிறது; அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவருக்கு மிகவும் பிடித்த மாட்டு வண்டியையே எடுத்துக்கொள்வோம். “அந்தக் காலத்துல ராக்கெட்ட மாட்டு வண்டியிலயாக்கும் கொண்டுவந்தாவ, மக்கா. லாரி பிடிக்கக் காசு கெடையாது.” இரண்டு புகைப்படங்களை ஒன்றாகப் பிசைந்து உருட்டிய கொழுக்கட்டை இது. தும்பாவில் 60-களில் ராக்கெட்டின் மூக்குக் கூம்பைச் சுமந்தது சைக்கிள்; அந்தப் படத்தை எடுத்தவர் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெசோன். மாட்டு வண்டி ஏறியது ராக்கெட்டே அல்ல, ‘ஆப்பிள்’ என்ற செயற்கைக்கோள். ஊர் பெங்களூரு, ஆண்டு 1981. லாரிக்குக் காசில்லாமல் அல்ல. ஆன்டெனாவைச் சோதிக்கும்போது சுற்றிலும் இரும்பு இருந்தால் அலைகள் குழம்பிவிடும், மரவண்டியில் அந்தத் தொல்லை இல்லை. அந்த ஜூன் மாதமே ஆப்பிள், ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட்டில் ஏறி விண்ணுக்குப் போனது. வறுமைக்கு அடையாளமாக அவர் காட்டும் வண்டி, உண்மையில் ஒரு சோதனைக்கூடக் கருவி. இதில் எது நல்ல கதை என்று வேனிலிருக்கும் குழந்தைகளிடமே கேட்டுப் பார்க்கலாம்.

ராக்கெட் ஏவ இந்த மீனவக் கிராமத்தை ஏன் பிடித்தார்கள் என்பதற்கும் அவரிடம் பதில் தயார். “பூமத்திய ரேகை இதுக்கு மேல போவுது. இங்க ஈர்ப்பு சக்தி கம்மி.” பூமத்திய ரேகை தும்பாவுக்குத் தெற்கே 900 கிலோமீட்டருக்கு அப்பால் கடலில் கிடக்கிறது. தும்பாவை ஒட்டிப் போவது பூமியின் காந்த நடுக்கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் வானத்திலேயே ஒரு மின்னோட்டம் ஆறுபோல ஓடுகிறது. அந்த உயரத்துக்குப் பலூன் ஏறாது, செயற்கைக்கோள் இறங்கிவந்து சுற்றாது. சின்ன ராக்கெட்டை விட்டுத்தான் அளக்க வேண்டும். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் இங்கிருந்து போனது இந்த மேல்வானத்தை ஆராயத்தான். தலைக்கு மேல் ஆறு ஓடுகிறது என்று பலகை சொல்லும் இடத்தில் நின்றுகொண்டு, உடம்பு எடை குறையும் என்கிறார் பெரியப்பா. எடை குறைந்ததா என்று பெரியம்மா கேட்டதாகத் தெரியவில்லை.

கலாமிடம் வந்ததும் பெரியப்பாவின் குரல் தழுதழுக்கும். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் அந்தத் தழுதழுப்பில் 1979 ஆகஸ்ட் 10 காணாமல் போய்விடுகிறது. கலாம் திட்ட இயக்குநராக இருந்து அனுப்பிய முதல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் அன்றைக்கு வங்கக் கடலில் விழுந்தது. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18-இல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனபோது, பேட்டி கொடுக்கக் கலாமை அனுப்பினார். பெரியப்பாவின் கதையில் முதல் ராக்கெட்டே ஜெயித்துவிடுகிறது. அதனால் தவானுக்கு வேலையே இல்லாமல் போகிறது.

பெரியப்பா இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் தும்பா பக்கமே வந்திருக்காது, வந்தாலும் செல்ஃபி எடுத்துவிட்டு நேரே கோவளத்துக்குப் போயிருக்கும் என்பார்கள். உண்மை. வேன் வாடகை, புளியோதரைப் பொட்டலம், அனுமதிக்குத் தேவையான அடையாள அட்டை நகல்கள் எல்லாம் அவர் பொறுப்புதான். மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேரிலும் ராக்கெட்டைப் பார்த்துக் கண் கலங்குபவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். பலகையில் இருக்கும் அறிவியல் மொழி எல்லோருக்கும் புரியாதே, யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா என்றும் கேட்கலாம். வேண்டும், அதற்கு அவரைவிட நல்ல குரல் கிடையாது. ஆனால் எடுத்துச் சொல்ல முதலில் எடுத்துப் படிக்க வேண்டும். அதோடு, விளக்கம் சொல்லவே சம்பளம் வாங்கும் இளைஞர் ஒருவர் மூலையில் நிற்கிறார். பெரியப்பாவின் குரல் கேட்டதும் அவர் வாயை மூடிக்கொள்கிறார். வயதில் பெரியவரை நாலுபேர் முன்னால் திருத்தக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை. குழந்தைகளும் அப்படியே வளர்க்கப்படுகிறார்கள். “ஏன் பெரியப்பா?” என்று ஒன்று ஆரம்பித்தால் “சொல்லிட்டுத்தானே இருக்கேன்” என்று அடக்கிவிடுகிறார். இதை நகைச்சுவையாக எழுத எனக்கு வரவில்லை.

பெரியப்பா, நீங்கள் பேசுவதை நிறுத்த வேண்டாம். இரண்டடி இடப்பக்கம் தள்ளி நின்று பேசுங்கள். உங்கள் முழங்கைக்குக் கீழே தலையை நுழைத்து ஒரு பெண் குழந்தை அந்தப் பலகையை எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது வரியில் உங்கள் முதுகு இடிக்கிறது.