குள்ளநரிக்கு விஸ்டம் எட்டு

மதுரை வில்லாபுரம் ஹவுசிங் போர்டு பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போகும்போது, ஏதோ ஒரு மொட்டை மாடியிலிருந்து "மூணு தரம் சொன்னாத்தான் செல்லும்! ஒரு தரம் சொன்னா செல்லாது!" என்று கூச்சல் கேட்டால் பயப்பட வேண்டாம். நகை ஏலமும் இல்லை, பங்காளிச் சண்டையும் இல்லை. மேலே டி.எம். ஆட்டம் நடத்திக்கொண்டிருக்கிறார்.

டி.எம். என்பது டஞ்சன் மாஸ்டர். 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஓர் ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் காய் நகர்த்தி ஜெயிப்பது கிடையாது. நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரமாக உட்காருவார்கள். டி.எம். கதையை எடுத்துவிடுவார். "நான் மதிலேறிக் குதிக்கிறேன்" என்று யாராவது சொன்னால், குதித்தானா, காலை ஒடித்துக்கொண்டானா என்பதை 20 முகம் கொண்ட ஒரு கட்டை முடிவு செய்யும். பாத்திரத்துக்கு ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். கதை சொல்லும் பாட்டிக்குப் பக்கத்தில் ஒரு தணிக்கை அதிகாரியை உட்கார வைத்தது மாதிரியான ஆட்டம்.

நம் டி.எம்.முக்கு வயது முப்பதைத் தொடவில்லை. ராத்திரியில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களுக்குக் கணக்குப் பார்க்கிற வேலை. பகலில் தூக்கம். தூக்கத்துக்கும் வேலைக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் உலகத்துக்கு மதிப்பெண் போடுவார். தெற்குவாசல் பாலத்தில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் இடையில் நுழைந்து வரும் ஷேர் ஆட்டோவைப் பார்த்தால், அதன் லாகவத்துக்கு "டெக்ஸ்டெரிட்டி 18" என்பார். கத்தரிக்காய்க்காரரிடம் பேரம் பேசி ஜெயித்து வரும் அம்மாவுக்கு "பெர்சுவேஷன்ல புரொஃபிஷியன்ட்" என்று பட்டம் கொடுப்பார். தை முதல் நாள் ஊரே அவனியாபுரத்தில் மாடு பார்க்கும். இவர் மட்டும் திமிலைப் பிடிப்பது எந்த விதியில் வரும் என்று கைப்பேசியில் தேடிக்கொண்டிருப்பார். அதற்குள் நல்ல மாடு நாலு போய்விடும்.

ஆட்டத்துக்கான தளவாடங்கள் எல்லாம் உள்ளூர்ச் சரக்குதான். கட்டைகளை வைத்திருப்பது நகைக்கடையில் கொடுத்த சுருக்குப் பையில். டி.எம். உருட்டுவதை மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்பதால் நடுவில் ஒரு தட்டி வேண்டும். அது அக்கா கல்யாணத்தில் மிச்சமான பத்திரிகை அட்டைகளை ஒட்டிச் செய்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் சாயங்காலம் பூராவும் 'தங்கள் நல்வரவை நாடும்' என்பதைப் பார்த்துக்கொண்டே சாக வேண்டியிருக்கும்.

முதலில் அவர் புத்தகத்தில் உள்ளபடியே எல்ஃப், டுவார்ஃப் என்று ஆரம்பித்தார். "எல்ஃப்னா காது நீளம், வயசு 700" என்று விளக்கினார். ஆட வந்தவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர், "700 வயசுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா மாப்ள?" என்றார். ஆட்டம் அன்றே படுத்துவிட்டது. அப்போதுதான் டி.எம்.முக்கு ஞானம் வந்தது. இவர்களுக்குத் தெரிந்த ஆட்களைக் கொண்டுவர வேண்டும். எல்லாருக்கும் பொதுவாகத் தெரிந்தவர்கள் யார்? 2007-இல் சுட்டி டிவி வந்ததே, அந்தக் காலத்தில் ஹோம்ஒர்க் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கார்ட்டூன்களில் யாரைப் பார்த்தார்களோ, அவர்கள்தான்.

உடனே எதிர்ப்பு வந்தது, அதுவும் வீட்டுக்குள்ளிருந்தே. சோட்டா பீமுக்கு மதிப்பெண் போட்டு வைத்திருந்த தாளை அப்பத்தா பார்த்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை சோட்டா பீம், பெரிய பீம் எல்லாம் ஒரே ஆள்தான். "பீமனுக்கு மார்க் போட நீ யாருடா? கட்டைய உருட்டித்தான்டா அந்தப் பஞ்ச பாண்டவங்களே காட்டுக்குப் போனாங்க." டி.எம். சளைக்கவில்லை. "அப்பத்தா, 1980லயே வெள்ளைக்காரன் இந்திரனுக்கும் அக்கினிக்கும் ஹிட் பாயிண்ட் போட்டுப் புஸ்தகம் அடிச்சிட்டான்." இது உண்மை, 'டெய்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' என்ற அந்தத் தொகுப்பில் நம் தேவர்களும் எண்களோடு நிற்கிறார்கள். இந்திரனை எத்தனை அடி அடித்தால் விழுவான் என்று கணக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்ட அப்பத்தா, அதற்கப்புறம் மொட்டை மாடிப் பக்கமே வரவில்லை.

டி.எம்.மின் கையில் இன்னொரு வாதமும் உண்டு. 1983-இல் அந்த ஆட்டமே அமெரிக்காவில் கார்ட்டூனாக வந்தது. பொருட்காட்சி ராட்டினத்தில் ஏறிய ஆறு பிள்ளைகள் மாய உலகத்தில் போய் விழுவார்கள். 27 அத்தியாயம் முடிந்தும் அவர்கள் வீடு திரும்பியதைக் காட்டவில்லை. "ஆட்டம் கார்ட்டூன் ஆகலாம், கார்ட்டூன் ஆட்டம் ஆகக் கூடாதா?" என்று கேட்பார். யாரும் பதில் சொல்வதில்லை. ஏனென்றால் யாரும் அப்படிக் கேட்கவேயில்லை.

பீமைப் பாத்திரமாக்குவது சுலபம் என்று நினைத்தார்கள். பார்பேரியன், அதாவது முரட்டு வீரர் வகுப்பு. கோபம் வந்தால் ஒரு நிமிஷம் அடி கூடுதலாக விழும். ஆரம்பப் படியில் ஒரு நாளைக்கு இரண்டு தரம்தான் கோபப்படலாம். லட்டுத் தின்றால் கோபம் என்று டி.எம். எழுதிவைத்தார். அதோடு முடிந்ததா? பீமாக ஆடியவர் அடுத்த வாரம் ஒரு டப்பா லட்டோடு வந்தார். மூன்றாவது தரமும் கோபப்பட வேண்டிய கட்டம் வந்ததும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு "ரேஜ்" என்றார்.

"பீம் தின்னணும்யா. நீ தின்னா எப்படி?"

"நான்தான பீமு?"

இந்தக் கேள்விக்கு எந்த விதிப் புத்தகத்திலும் பதில் இல்லை. 2023 ஜனவரியில் ஆட்டத்தை வெளியிடும் கம்பெனி அடிப்படை விதிகளையெல்லாம் இலவசமாகத் திறந்துவிட்டது, டி.எம். அதன் சுமார் 400 பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து பைண்டிங் போட்டு வைத்திருக்கிறார். புரட்டோ புரட்டு என்று புரட்டினார். அதற்குள் டப்பா காலி.

டோரா கோஷ்டியில் சிக்கல் வேறு மாதிரி. டோராவும் புஜ்ஜியும் ஒழுங்காகத்தான் இருந்தார்கள்; மேப்பைப் 'பேசும் மந்திரப் பொருள்' என்று பதிவு செய்ததில்கூட ஆட்சேபம் எழவில்லை. தகராறு குள்ளநரியால் வந்தது. கை வைத்தால் காணாமல் போகும், அவ்வளவு தொழில் சுத்தம். திருடாதே என்று மூன்று தரம் சொன்னால் மட்டும் விரலைச் சொடுக்கிவிட்டுப் போய்விடும். இப்பேர்ப்பட்ட திருடனுக்கு என்ன மதிப்பெண் கொடுப்பது? டி.எம். ஒரு ராத்திரி முழுக்க யோசித்து டெக்ஸ்டெரிட்டி 15, விஸ்டம் 8 என்று போட்டார். ஆரம்பத்தில் பங்கிடக் கிடைக்கும் மார்க்குகளில் மேலானதும் கீழானதும் ஒரே உடம்பில். திறமைக்குக் குறைச்சலில்லை, அறிவுரை கேட்டால் மட்டும் கரைந்துவிடும். என்னைக் கேட்டால், அந்த நரியின் மனத்தை இவ்வளவு சரியாகப் படித்தவர் வேறு யாருமில்லை.

ஆனால் ஆட்டக்காரர்கள் நியாயம் பேசுகிறவர்கள். ஒரு சுற்று என்பது ஆறு நொடி. ஆறு நொடிக்குள் ஒருவரே மூன்று தரம் சொல்ல வேண்டுமா, மூன்று பேர் ஆளுக்கொரு தரம் சொன்னால் கூட்டிக்கொள்ளலாமா? டோரா சொல்வதோடு, கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும் நாமும் சேர்ந்து சொன்னால் கணக்கில் வருமா? முதல் பாராவில் கேட்ட கூச்சல் இதற்காகத்தான். கீழ் வீட்டு அத்தை ஒரு நாள் படியேறி வந்து, "ஏப்பா, யாருப்பா அந்தத் திருடன்? சைக்கிளப் பூட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆட வருகிறவர்களில் ஒரு பெரியவரும் உண்டு. மில்லில் ரிட்டயர் ஆனவர். அவர் காலத்தில் சுட்டி டிவி ஏது? முத்து காமிக்ஸ்தான். 1972-இல் அதன் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவிதான் தனக்கு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மின்சாரம் பாய்ந்தால் மாயாவி மறைந்துவிடுவார். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஆனால் கதை நடப்பதோ மன்னர் காலத்தில். கரண்டுக்கு எங்கே போவது? கோஷ்டியில் இருக்கும் மந்திரவாதி தன் மின்னல் மந்திரத்தை மாயாவி மீது பாய்ச்ச வேண்டும் என்று டி.எம். தீர்ப்புச் சொன்னார். அந்த மந்திரம் எட்டு முகக் கட்டையை உருட்டி அத்தனை சேதம் செய்யும். மாயாவியின் உயிர்ப்புள்ளியும் எட்டு. முதல் சண்டையிலேயே எட்டு விழுந்தது.

"மறைஞ்சிட்டேனா தம்பி?" என்றார் பெரியவர் ஆவலாக.

"மறைஞ்சிட்டீங்கண்ணே. கொஞ்சம் அதிகமாவே."

இனி ஆட்டத்தின் உலகத்தைச் சொல்ல வேண்டும். இதில் டி.எம். நிஜமாகவே கெட்டிக்காரர். மதுரையைச் சுற்றி மூன்று மலைகள்: யானைமலை, நாகமலை, பசுமலை. பகைவர்கள் ஏவிவிட்ட மாய யானையும் பாம்பும் பசுவும் மதுரை மேல் பாய்ந்து, மாண்டு மலையான கதையைத் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. மூன்று பெரிய ராட்சத மிருகங்கள் கல்லாகிக் கிடக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு டிராகனுக்கு ஏன் அலைய வேண்டும் என்பது அவர் கட்சி. பொம்மைகளுக்கும் வெளியூர் போகவில்லை. கொலுப் பொம்மை செய்யும் விளாச்சேரியில் போய் ஆர்டர் கொடுத்தார். செய்கிறவர், "இது எந்தப் படியில வைக்கிறதுப்பா?" என்று மட்டும் கேட்டார். குள்ளநரி அருமையாக வந்தது. ஜாக்கி சானுக்கு மீசை வைத்துவிட்டார்.

ஜாக்கி சான் என்றதும்தான் டி.எம்.மின் சாயம் வெளுக்கும். ஊருக்கெல்லாம் அவர் உபதேசம் செய்வது ஒன்றே ஒன்றுதான்: பேலன்ஸ். யாரும் யாரைவிடவும் ஓங்கி நிற்கக் கூடாது. அதனால்தான் பீமின் பலத்தையே 15-இல் நிறுத்தினார். ஆனால் ஜாக்கி சான் கார்ட்டூன் என்றால் அவருக்கு உயிர். அதில் வரும் 12 தாயத்துகளையும் மதுரை முழுக்க ஒளித்து வைத்தார். மாட்டுத் தாயத்து பசுமலையில். கட்டினால் பலம் வரும். பாம்புத் தாயத்து நாகமலையில், கட்டினால் மறையலாம். பொருத்தம் அருமை என்று எல்லாரும் கை தட்டினார்கள். யானைமலைக்கு வந்தபோதுதான் மாட்டிக்கொண்டார். சீன ராசிகளில் யானை கிடையாது. மனுஷன் கூசாமல் பதின்மூன்றாவதாக ஒரு தாயத்தைச் செய்துவிட்டார்.

அதுகூடப் போகட்டும். கோஷ்டி எங்கே இடறி விழுந்தாலும், கூரையைப் பிய்த்துக்கொண்டு ஜாக்கி சான் வந்து காப்பாற்றுவார். அவரை ஆட்டுவிப்பவர் டி.எம்.மே. கையில் கிடைத்ததை எடுத்து அடித்தால் நாலு முகக் கட்டை என்பது விதி. ஜாக்கி சான் ஏணியை எடுத்தால் மட்டும் தட்டிக்குப் பின்னால் பத்து முகக் கட்டை உருளும் சத்தம் கேட்கும். கட்டையின் சத்தத்தை வைத்தே அதன் முகத்தை எண்ணுகிற அளவுக்கு எல்லாருக்கும் காது தேறிவிட்டது. ஆனாலும் யாரும் வாய் திறப்பதில்லை. மாடியும் டீயும் அவருடையது.

போன பரீட்சை லீவில் அக்கா மகன் வந்திருந்தான். மூன்றாம் வகுப்பு. "நானும் ஆடுறேன் மாமா" என்று உட்கார்ந்தான். யார் வேண்டும் என்று கேட்டதற்கு, யோசிக்காமல் "ஷின்சான்" என்றான். டி.எம். முகத்தைச் சுளித்துக்கொண்டே பார்டு, அதாவது பாணர் வகுப்பில் சேர்த்தார். பலம் எட்டு.

அன்றைக்குக் கடைசிக் கட்டம். பீமின் பழைய எதிரி கிர்மாடா யானைமலையை உயிர்ப்பிக்க நிற்கிறான். பீமின் இரண்டு கோபமும் செலவாகிவிட்டது. மாயாவி வழக்கம்போல ஒரேயடியாக மறைந்திருந்தார். டி.எம். தட்டிக்குப் பின்னால் மீசைக்கார ஜாக்கி சானைக் கையில் எடுத்துவிட்டார்.

"மாமா, நான் அவன்ட்டப் பேசுறேன்."

"என்னடா பேசப்போற?"

"ஜிப்பு போடலன்னு சொல்றேன்."

கட்டையை உருட்டினான். இருபது.

மொட்டை மாடி ஒரு நிமிஷம் ஆடிப்போனது. டி.எம். 400 பக்கத்தையும் புரட்டினார். ராட்சதனை வெட்கப்பட வைப்பதற்கு விதியும் இல்லை, அதைத் தடுப்பதற்கும் விதி இல்லை. பெரியவர் செத்த நிலையிலிருந்தே, "போயிட்டான்னு எழுது தம்பி" என்றார். கிர்மாடா திரும்பி நின்று கீழே குனிந்து பார்த்துவிட்டு, மதுரையை விட்டே ஓடினான். ஜாக்கி சான் சுருக்குப் பைக்குள் போனார்.

படியிறங்கும்போது டி.எம். மருமகன் தோளில் கை போட்டுக்கொண்டு பாசமாகக் கேட்டார். "ஏன்டா தங்கம், லீவு முடிஞ்சிருச்சுல்ல? ஸ்கூலு எப்ப தொறக்குறாங்க?"

"திங்கக்கெழம மாமா. ஆனா ஆட்டம் ஞாயித்துக்கெழமதான?"